ஐயவினாவுக்கு விடை

அரசாங்க அலுவலகங்களிற் பணிபுரிவோர்க்கு 'ஐயவினா' என்னுஞ் சொல் புதியதன்று. கணக்காய்வாளர் வந்து, ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, பொருந்தாத இடங்களைச் சுட்டி, விளக்கங் கேட்டு எழுதுங் கடிதத்துக்கே இலங்கையில் அப்பெயர் வழங்குகின்றது. அக்கடிதம் வந்த நாளிற் கந்தோரின் முகமே வேறாகிவிடும். பற்றுச்சீட்டு எங்கே, களஞ்சியத்திற் குறைகின்ற சீமெந்துப் பைகள் எங்கே, முத்திரைக்குச் செலவான தொகை எவ்வளவு என்றவாறு பணத்தையும் பொருளையும் பற்றியே முன்னாளில் அவ்வினாக்கள் எழுந்தன. இன்று ஏடுகளிற் பெரும்பாலானவை கணினிக்குட் புகுந்துவிட்டமையாற் கணக்காய்வும் அவற்றைத் தொடர்ந்து உள்ளே சென்றுவிட்டது. கணினியை யார் திறக்கலாம், எவர் எதனைத் திருத்தலாம், பதிந்தவை அழிந்துபோனால் எங்கிருந்து மீட்பது என்று ஆராய்ந்து, குறைகளையும் அவற்றுக்கான பரிகாரங்களையும் எழுதிவைப்பதையே பாதுகாப்புக் கணக்காய்வு என்பர்.

பணக் கணக்கிற் குறை காணப்பட்டால் அலுவலகத்தார் ஒன்றுகூடி நின்று கணக்காய்வாளருக்கு விடை கூறுவர். பாதுகாப்புக் கணக்காய்வில் நிகழ்வது வேறு. அறிக்கை வந்ததும் அலுவலகம் இரண்டாகப் பிரிந்து தனக்குள்ளேயே வழக்காடத் தொடங்கிவிடுகின்றது. அவ்வழக்கு எதனால் எழுகின்றது, எவ்வாறு தீர்க்கத்தக்கது என்பதை நேயர்கள் சிறிது சிந்தித்தல் தகும். ஏனெனில், அந்தக் கணினிகளுக்குள் இருப்பவை அலுவலகத்தாரின் சொத்துக்கள் அல்ல. வாசலில் வந்து நிற்பவர்களின் ஓய்வூதியமும் காணி விபரமும் பிறந்த திகதியுமே அங்கு இருக்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓர் அலுவலகத்தை மனக்கண்ணிற் காண்போம். பிரதேச செயலகமாகவும் இருக்கலாம். கூட்டுறவுச் சங்கமாகவும் இருக்கலாம். முன் மேசையில் முப்பது ஆண்டு சேவை செய்த பிரதம லிகிதர் ஒருவர். உள் அறையிற் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர். கணக்காய்வாளர் சில குறைகளை எழுதிச் சென்றிருக்கிறார். நான்கு உத்தியோகத்தர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர்; அச்சொல்லும் ஒரு துண்டில் எழுதப்பட்டு, மேசைக் கண்ணாடியின் கீழே நல்லூர்க் கந்தன் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது. இடமாற்றம் பெற்றுச் சென்ற ஒருவரின் பெயரில் இன்னமுங் கணினியைத் திறக்க முடிகின்றது. பதிவுகளின் மறுபடி எடுக்கப்படுகின்றதாயினும், அது கணினி நிற்கும் அதே அறையில் அதே அலுமாரியிலேயே கிடக்கின்றது. யாரும் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டாற் கணினி தானே பூட்டிக்கொள்ளும்படி அமைக்கவேண்டும். இவையே அவர் எழுதியவை.

இளைஞர் இவற்றை நிறைவேற்ற முற்படும்போது பிரதம லிகிதரின் குரல் உயர்கின்றது. "தம்பி, வாசலிலை இருபது சனம் நிக்குது. அஞ்சு நிமிசத்துக்கொருக்கா உந்தப் பெட்டி தானாப் பூட்டுப்பட்டால் நான் சனத்தைப் பாக்கிறதோ, கடவுச்சொல்லை அடிக்கிறதோ?" என்கிறார். "ஐயா, நானோ எழுதினனான்? நாளைக்கு ஏதும் நடந்தால் என்னைத்தானே கேப்பினம்" என்பது இளைஞரின் மறுமொழி.

இவ்விருவரில் எவரும் பிழையாகப் பேசவில்லை என்பது கருதத்தக்கது. பிரதம லிகிதர் இன்றைய நாளுக்குப் பொறுப்பாளி. நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் வந்த முதியவர் பிற்பகற் படகைத் தவறவிட்டால் அவர் படும் பாட்டை அறிந்தவர் அவர். இளைஞரோ இன்னும் வராத ஒரு நாளுக்குப் பொறுப்பாளி. அந்த நாள் வராமலே போகலாம். வந்தால் அவரை எவருங் காப்பாற்றப் போவதில்லை. இன்றைய நாளின் தொல்லை கண்முன் நிற்கின்றது. வராத நாளின் தொல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலின் இவ்வழக்கிற் பெரும்பாலும் வெற்றி பெறுவது முன் மேசையே.

தாமதம் எப்போதும் நட்டமென்றுங் கூறமுடியாது. 2016 பெப்ரவரியிற் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குட் புகுந்த திருடர், நியூயோர்க்கில் இருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரை வெளியே அனுப்புமாறு போலிக் கட்டளைகளை விடுத்தனர். அவற்றுள் 2 கோடி டொலர் இலங்கையில் இருந்த ஒரு கணக்குக்கு வரவேண்டியதாயிற்று. பெறுநரின் பெயரில் 'பவுண்டேசன்' என்னும் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையோடு காணப்பட்டமையால் இடைநின்ற வங்கியொன்று ஐயுற்று விளக்கங் கேட்டது. அந்த 2 கோடியும் மீண்டது. பிலிப்பைன்சுக்குச் சென்ற 8 கோடி 10 இலட்சத்திற் பெரும்பகுதி மீளவில்லை. ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலுக்காக ஓர் அலுவலைச் சிறிது நிறுத்திவைத்ததன் பெறுமதி அது.

விந்தை யாதெனில், இதே பிரதம லிகிதர் இதனிலுங் கடினமான கட்டுப்பாடுகளை நாள்தோறும் முணுமுணுப்பின்றிக் கைக்கொள்கின்றார் என்பதே. அலுவலகத்தின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு திறப்புகள் இருக்கும். அவை இருவரிடம் இருக்கும். இருவரும் வந்து நின்றாலன்றிப் பெட்டி திறவாது. ஒருவர் வரப் பிந்தினாற் பணம் பெற வந்தவர் காத்திருக்கவேண்டியதே. இதனை யாரும் உபத்திரவம் என்று சொல்வதில்லை. கோயில் உண்டியலைத் தருமகர்த்தா தனியே திறந்தால் ஊர் என்ன பேசும் என்பதையும் யாருஞ் சொல்லித் தரவேண்டியதில்லை. அவ்வழக்கங்கள் அவர் பிறக்குமுன்பே வந்துவிட்டன. அவை வந்த நாளிலும் ஒரு சிறாப்பர் சினந்திருப்பார். அந்தச் சினம் மறந்துபோயிற்று, வழக்கம் நின்றுவிட்டது.

மறுபடியை வேறிடத்தில் வைத்தல் பற்றிய விதியும் இவ்வாறே பழையது. குடாநாட்டிற் காணி உறுதி முடித்தவர் யாவரும் அதனை அறிவர். நொத்தாரிசு உறுதியை எழுதி முடித்ததும் ஒரு படி காணிக்காரரிடஞ் செல்கின்றது. ஒன்று நொத்தாரிசின் கட்டிலே இருக்கின்றது. இன்னொன்றை அவர் மறுமாதம் 15ஆந் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பிவிடவேண்டும் என்பது சட்டம். மாதந்தோறும் அந்தத் திகதி நெருங்கும்போது நொத்தாரிசுமாரின் வீடுகளில் விளக்கு நெடுநேரம் எரியும். மூன்று படி, மூன்று இடம். கணினி அறிஞர் அண்மைக்காலத்தில் வகுத்துத் தந்த விதியும் ஏறத்தாழ இதுவே: முக்கியமான தரவு மூன்று படிகளாக இருத்தல் வேண்டும், இரு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், ஒன்றாவது வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பர்.

அந்த மாதாந்த வேலையின் பயன் 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்த பின்னரே பலருக்கு விளங்கிற்று. வீடுகளோடு அலுமாரிகளும், அலுமாரிகளோடு உறுதிகளும் போயின. திரும்பி வந்தவர்களுட் பலர் காணிப் பதிவகத்திலோ நொத்தாரிசின் கட்டிலோ எஞ்சியிருந்த படியைக் கொண்டே தங்கள் நிலத்தைத் தங்களதென்று காட்டமுடிந்தது. படி எங்குமே எஞ்சாதவர் பட்ட பாடு வேறு. அதற்கும் முன்னர், 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூல்களை வேறு ஊர்களிலிருந்து மீளவும் பெறமுடிந்தது. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் போனவை போனவையே. குடாநாட்டு அலுவலகமொன்றிலே, மறுபடியை வேறு கட்டடத்தில் வை என்று கணக்காய்வாளர் எழுதும்போது அதனை வெளியூர்ப் புத்தகப் புத்தி என்று ஒதுக்குவோர் தம் வீட்டுப் பெட்டகத்தை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

எச்சரிக்கை காதில் விழுந்தும் செயலாகாமற் போவது சிறிய கந்தோருக்கு மாத்திரம் உரிய குறையன்று. 2023இல் இலங்கை அரசாங்கத்துக்கே அது நேர்ந்தது. அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் அரச முகில் எனப்படும் கணினித் தொகுதியில் வைக்கப்பட்டிருந்தன. முகில் என்ற பெயரைக் கேட்டு மயங்கவேண்டுவதில்லை; ஏதோ ஒரு கட்டடத்தில் மின்சாரம் உண்டு இயங்கும் கணினிகளே அவை. அவற்றில் மின்னஞ்சலை நடத்திய மென்பொருள் மைக்குறோசொவ்ற் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்குரிய பாதுகாப்பு உதவியை அந்நிறுவனம் 2023 ஏப்ரல் 11உடன் நிறுத்திக்கொண்டது. கப்பங் கேட்கும் திருடர் அதே ஆண்டில் உட்புகுந்து, கோப்புகளைப் பிறர் படிக்க இயலாத மறைகுறிகளாக மாற்றிவிட்டனர். தொடர்பில் இருந்த மறுபடிகளும் கூடவே மறைகுறியாயின. தொகுதி விரைவில் மீண்டும் இயங்கிற்று. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள நூறு நாள் அஞ்சல்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கூறப்பட்டது.

அங்கே செய்யவேண்டியது யாதென்று தெரியாமல் இருக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பிக்க 2021 தொடக்கமே எண்ணியிருந்ததாகவும், பணப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் அது பிந்திவிட்டதாகவும் பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் விளக்கமளித்தது. பணமில்லை என்பதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நின்ற காலம் அது. எனினும், புதிய மென்பொருளுக்குப் பணமில்லாத அலுவலகமும், தொடர்பறுத்து வேறாக வைக்கும் ஒரு மறுபடிக்கு வழிதேட முடியும். பெரிய பரிகாரம் இயலாது என்று கண்டவுடன், சிறிய பரிகாரம் யாது என்ற வினா எழவேண்டும். நாள்தோறும் தொடர்பில்லாத மறுபடி எடுக்கும் ஏற்பாடு அந்த நட்டத்தின் பின்னரே பேசப்பட்டது.

இதனிலும் பெரிய பாடம் பணத்துக்குக் குறைவேயில்லாத ஓர் இடத்தில் நடந்தது. 1762இல் இலண்டனில் தோன்றிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் அலுவலகத்தில் ஒருவரே பங்குச்சந்தை வியாபாரத்தையும் நடத்தினார். அவ்வியாபாரத்தின் கணக்கைத் தீர்க்கும் பகுதிக்கும் அவரே தலைவராயிருந்தார். இரு திறப்பும் ஒரு கையில் என்பதே இதன் பொருள். 1994இல் வங்கியின் சொந்தக் கணக்காய்வாளர் வந்து பார்த்து, இவ்விரு பொறுப்பையும் பிரிக்கவேண்டும் என்று எழுதினர். எழுதியதை யாரும் மறுக்கவில்லை. மறுக்காமலே விட்டுவிட்டனர். இலாபம் வந்துகொண்டிருப்பதாகத் தோன்றிற்று. அது பொய்யிலாபம் என்பது பின்னரே வெளிப்பட்டது. 1995 பெப்ரவரியில் 82 கோடி 70 இலட்சம் பவுண் நட்டத்தோடு வங்கி விழுந்தது. 233 ஆண்டு வாழ்ந்த அந்நிறுவனத்தை ஒல்லாந்து நிறுவனமொன்று ஒரு பவுணுக்கு வாங்கிக்கொண்டது.

மறுக்கவில்லை, மறுக்காமலே விட்டுவிட்டனர் என்பது சிந்திக்கவேண்டிய இடம். அலுவலகத்தில் உரத்த குரலில் நடக்கும் வழக்கினால் விளையுந் தீங்கு சிறிது. பிரதம லிகிதர் சத்தமிடுகிறார். இளைஞர் முகஞ் சுழிக்கிறார். அந்த அளவில் இருவர் மனத்திலும் உள்ளது வெளியே வந்துவிடுகின்றது. அஞ்சத்தக்கது மௌனமான இணக்கமே. 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்று விடையெழுதிக் கோப்பைக் கட்டி வைத்துவிடுகின்றனர். அடுத்த ஆண்டு அதே ஐயவினா வருகின்றது. அதே விடை போகின்றது. மூன்றாம் ஆண்டு அக்குறைக்கு யார் பொறுப்பென்று எவருக்குந் தெரியாது; அதனைத் தீர்க்க முயன்ற இளைஞர் அப்போது வவுனியாவுக்கு மாற்றலாகிச் சென்றிருப்பார்.

கணக்காய்வாளர் சொல்வதெல்லாம் வேதமென்று கொள்ளவேண்டும் என்பது இதன் கருத்தன்று. முன் மேசையின் முறைப்பாடே சரியென்று பின்னர் உலகம் ஒத்துக்கொண்ட நிகழ்ச்சியும் உண்டு. கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றவேண்டும், பெரிய எழுத்தும் இலக்கமும் குறியீடும் கலக்கவேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவியிருந்தது. 2003இல் அமெரிக்க அரசின் நியம நிறுவனத்தில் எழுதப்பட்ட வழிகாட்டி அதற்கு ஒரு முக்கிய காரணம். ஊழியர் என்ன செய்தனர்? பழைய சொல்லின் இறுதியில் இருந்த 1ஐ 2 ஆக்கினர். அடுத்த முறை 3 ஆக்கினர். ஒருவரின் பழைய சொல் தெரிந்தாற் புதிய சொல்லை ஊகிப்பது எவ்வளவு எளிது என்று வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2010இல் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 41 பேரின் புதிய சொல்லைக் கணினி சில விநாடிகளிற் கண்டுபிடித்துவிட்டது. 2017இல் அதே நியம நிறுவனம், காரணமின்றிக் காலந்தோறும் மாற்றும்படி வற்புறுத்தலாகாது என்றும், நினைவில் நிற்கக்கூடிய நீண்ட சொற்றொடரே நன்றென்றும் தன் வழிகாட்டியைத் திருத்திக்கொண்டது. முதல் வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவர் தாம் எழுதியதிற் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவ்வாண்டிலேயே பத்திரிகையிற் கூறினார். பதினான்கு ஆண்டுகளாக எத்தனையோ லிகிதர்கள் சொல்லி வந்ததை அவரும் இறுதியிற் சொன்னார் எனலாம். ஆயினும், மேசைக் கண்ணாடியின் கீழ் எழுதிவைக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

ஆகவே, பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் நேர்மையான விடை மூன்றினுள் ஒன்றாகத்தான் இருக்கமுடியும். சொன்னபடி இன்ன திகதிக்குட் செய்வோம் என்பது ஒன்று. சொன்னதைச் செய்ய இயலாது, ஆயினும் அதே ஆபத்தைத் தடுக்கும் வேறொரு வழியைக் கைக்கொள்வோம் என்பது மற்றொன்று. செய்யமாட்டோம், அதனால் வருந் தீங்கை இன்னார் ஏற்றுக்கொள்கிறார் என்பது மூன்றாவது. இம்மூன்றாம் விடையை எழுதப் பலர் கூசுகின்றனர். பிடிவாதமென்று எண்ணப்படுமோ என அஞ்சுகின்றனர். உண்மையில் 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்பதிலும் பார்க்க அது நூறு மடங்கு நேர்மையானது. ஆனால் அதில் ஒப்பமிடுபவர் யார் என்பதிற் கவனம் வேண்டும். கணினி பார்க்கும் இளைஞரும் அதில் ஒப்பமிடலாகாது, முன் மேசையில் இருப்பவரும் ஒப்பமிடலாகாது. அலுவலகத்தின் தலைவர் யாரோ, நட்டம் வந்தால் மேலிடத்துக்கு விடை சொல்லவேண்டியவர் யாரோ, அவரே ஒப்பமிடவேண்டும். தம் பெயரை எழுதப் பேனாவை எடுத்த பின்னர் மனத்தை மாற்றிக்கொண்டு, 'இதைச் செய்துவிடுவோம்' என்று சொன்ன தலைவர்கள் குறைவல்லர்.

2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அரச நிறுவனங்களிற் கணக்காய்வு முகாமைத்துவக் குழுக்களுக்கு இடம் வகுத்திருக்கின்றது. அக்குழு கூடும்போது பாதுகாப்புப் பரிந்துரைகளைப் பற்றிய வழக்கை அங்கே கொண்டுபோய் வைப்பதே முறை. முன் மேசையில் இருப்பவரையும் அக்கூட்டத்துக்கு அழைத்தல் நன்று. அவர் அறிந்ததைக் கணக்காய்வாளர் அறியார். எத்தனை பேர் வருகின்றனர், எந்த நேரத்தில் நெருக்கம் மிகுகின்றது, எந்தத் திரையை நாளுக்கு எத்தனை முறை திறக்கவேண்டியுள்ளது என்பனவெல்லாம் அவருடைய விரல்நுனியில் இருக்கும்.

மேலே கண்ட அலுவலகம் அவ்வாறு கூடினால் என்ன நிகழும்? மாற்றலாகிச் சென்றவரின் பெயரை நீக்குவதற்குப் பணமும் வேண்டாம், வாதமும் வேண்டாம். அன்று மாலைக்குள் முடிந்துவிடும். நால்வருக்கும் வெவ்வேறு கடவுச்சொல் என்றதும் முதலில் முணுமுணுப்பு எழும். ஒருவர் தவறாகப் பதிந்தது மற்றவரின் தலையில் விழாதென்று விளக்கியதும், முதன்முதலாகத் தலையசைப்பவர் பிரதம லிகிதராகவே இருப்பார். ஓய்வூதியத்துக்கு இரண்டு ஆண்டு இருக்கையிற் பிறர் பிழையைச் சுமக்க அவர் விரும்பார். மறுபடி வெள்ளிதோறும் முத்திரையிட்ட உறையில் வேறு கட்டடத்துக்குச் செல்லும். கொண்டுசெல்பவரும் பெற்றுக்கொள்பவரும் ஒரு கொப்பியில் ஒப்பமிடுவர். மாதத்துக்கொருமுறை அந்த மறுபடியைத் திறந்து, அது உண்மையில் வாசிக்கக்கூடியதா என்று இளைஞர் சோதித்துப் பார்ப்பார். சோதிக்காத மறுபடி வெறும் உறை மாத்திரமே என்பதை அவர் வற்புறுத்திச் சொல்லவேண்டிவரும். அந்த ஓர் அலுவலுக்கு ஒதுக்கிய அரை நாளைத்தான் பின்னர் எவரும் வெட்டிக் குறைக்கப் பார்ப்பர்.

ஐந்து நிமிடப் பூட்டுப் பற்றிய வழக்கு மட்டும் எளிதில் தீராது. மக்கள் நிற்கும் நேரத்தில் முன் மேசைக் கணினிக்குப் பத்து நிமிடமும், உள் அறைக் கணினிகளுக்கு ஐந்து நிமிடமும் என்று தலைவர் எழுதுவார். மேசையை விட்டு எழும்பும்போது கையாற் பூட்டவேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பார். அதன் கீழே தம் பெயரையும் பதவியையுந் திகதியையும் இடுவார். பத்து நிமிடம் போதாதென்று பிரதம லிகிதரும், அது மிகையென்று இளைஞரும் சொல்லிக்கொண்டே தத்தம் மேசைக்குத் திரும்புவர். அடுத்த ஆண்டு வரும் கணக்காய்வாளர் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பார்.